மேடை அவுங்களுக்கு, சீமாறு நமக்கா?

பி.எட். படிக்கிற தம்பி ஒருத்தன் தன் நோட்டைக் கொண்டாந்து என் முன்னால வச்சான். 'கல்வி இணைச் செயல்பாடுகளின் வகைகளையும் பயன்களையும் விவரி. பத்து மதிப்பெண்.' கீழே விடையும் எழுதியிருந்தான். உடல் சார்ந்தவை, இலக்கியம் சார்ந்தவை, கலை சார்ந்தவை, குடிமைப் பயிற்சி சார்ந்தவை, கைவினை சார்ந்தவை. பயன்கள்: கூச்சம் போகும், தலைமைப் பண்பு வளரும், கூட்டுணர்வு வரும், ஒளிந்திருக்கும் திறமை வெளிப்படும். எல்லாம் சரிதான். ஒரு வரியையும் நான் மறுக்கப் போறதில்ல. ஆனா எந்தத் தெருப் பிள்ளை எந்த வகையில போய் விழுதுங்கிற கேள்விக்கு அந்த நோட்டுல இடமே இல்ல. அதை எழுதினா மார்க் போடவும் மாட்டாங்க.

நான் படிச்ச பள்ளிக்கூடத்துல வகை ரெண்டே ரெண்டுதான். மேடையில ஏறுறது ஒண்ணு. மேடையைக் கூட்டுறது இன்னொண்ணு.

இளம்பிள்ளைன்னா வெளியூர்க்காரங்களுக்குச் சேலை ஞாபகம் வரும். கஞ்சமலை அடிவாரத்துல விடியறதுக்கு முன்னாடியே தறிச்சத்தம் ஆரம்பிச்சிரும். கல்யாண முகூர்த்தத்துக்கும் பொங்கலுக்கும் எங்கெங்கிருந்தோ வண்டி பிடிச்சு வந்து மொத்தமா வாங்கிக்கிட்டுப் போவாங்க. எங்க காலனியில சொந்தத் தறி வச்சவங்க கிடையாது. தறிக்குப் போறவங்க, காட்டு வேலைக்குப் போறவங்க, சாவுக்குத் தப்பட்டை அடிக்கப் போறவங்க. எங்கப்பா கடைசி ரெண்டும்.

ஏழாவது படிக்கிறப்ப ஆண்டு விழா வந்துச்சு. டான்சுக்கு ஆள் எடுக்கிறோம்னு எல்லாரையும் வரிசையில நிறுத்தினாங்க. டீச்சர் ஒரு நடை நடந்து பார்த்துட்டு, "கலரா இருக்கிற புள்ளைங்கல்லாம் இப்படி வாங்க" என்றார். அவ்வளவுதான் தேர்வு. எவளுக்கு ஆட வரும், எவனுக்குத் தாளம் நிக்கும்னு கேள்வியே இல்ல. மிச்சம் நின்ன எங்களுக்கும் வேலை குடுத்தாங்க. பெஞ்சு தூக்கணும், மைதானம் கூட்டணும், கக்கூசுக்குத் தண்ணி ஊத்தி பிளீச்சிங் பவுடர் போடணும். மிச்சம் நின்னவங்க எல்லாரும் ஒரே தெருங்கிறதை அன்னிக்கு நான் கவனிக்கல. எங்கம்மா கவனிச்சது. சட்டையில பவுடர் வாடை அடிச்சதும், "அங்கயும் இதுதானா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

கதை அத்தோட முடியல. விழாவுக்கு வர்ற அதிகாரியை வாசல்ல வரவேற்க மேளம் வேணுமாம். என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, உங்கப்பனைத் தப்பட்டை எடுத்தாரச் சொல்லு" என்றார்கள். அப்பா வந்தாரு. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, வாசல்ல நின்னு அடிச்சாரு. அதிகாரி உள்ளே போனதும் இருபது ரூபா குடுத்து, 'சரி, கிளம்பு' என்று அனுப்பிட்டாங்க. உள்ளே மேடையில 'பாரம்பரியக் கலை' என்று அறிவிச்சு, சினிமாப் பாட்டுக்குப் பரதநாட்டிய உடுப்புல ஆடினாங்க. பரதநாட்டியம் 'கவுரவமான' கலையானதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்லதான். கோயில் தாசிகளின் சதிரை அவங்ககிட்ட இருந்து பிடுங்கி, கழுவித் துடைச்சு, பேர் மாத்தி மேடையேத்தினாங்க. 1936இல் கலாக்ஷேத்திரா வந்தது. கலையில தீட்டுங்கிறது கலைக்கு இல்ல, கைக்குத்தான் என்று நான் பிற்பாடு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்பாவுக்கு வாசல்லயே தெரிஞ்சிருந்தது.

இது பழங்கதைன்னு யாராவது சொல்லுவீங்க. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவ வச்சதாக ஒரு தாய் புகார் கொடுத்தார். பிள்ளை டெங்குக் காய்ச்சலில் படுத்த பிறகுதான் விசயமே வீட்டுக்குத் தெரிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்காகி, தலைமையாசிரியர் கைதானார். இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான் அந்த ஊர். கேட்டா 'தூய்மைப் பணி', 'சேவை மனப்பான்மை' என்று பதில் வரும். சேவை மனப்பான்மை வளர்றதுக்கு ஏன் எங்க புள்ளைங்களையே தேர்ந்தெடுக்கிறீங்க, அது அவ்வளவு நல்லதுன்னா உங்க புள்ளைக்கும் கொஞ்சம் வளரட்டுமே!

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது, பலகைக்குப் பின்னால் சோத்து டப்பா வச்சிருந்த சாதி இந்துப் பையன்கள் பாய்ந்தோடிப் போய் டப்பாக்களை எடுத்தார்கள். அந்த வகுப்பில் கணக்கு மட்டுமா நடந்தது? பாடத்துக்கு இணையாக இன்னொரு பாடம் நடந்தது. அதுக்குப் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, எல்லாரும் பாஸ். நம்ம பள்ளிக்கூடங்களின் உண்மையான கல்வி இணைச் செயல்பாடு அதுதான். நோட்டில் எழுதாத வகை.

பலன்களுக்கு வருவோம். தலைமைப் பண்பு, கூட்டுணர்வு எல்லாம் இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச பலன் காகிதத்துல வருது. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. உயர்கல்வியிலும் விளையாட்டு இடங்கள் இருக்கு. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வச்சிருக்கிறவனுக்கு ராணுவ அதிகாரித் தேர்வில் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரா நேர்முகத்துக்குப் போக ஒரு தனி வழி இருக்கு. மேடையில ஏறினவன் கையில சான்றிதழ், பெஞ்சு தூக்கினவன் கையில காய்ப்பு. பத்து வருசம் கழிச்சு இன்டர்வியூவில், 'உனக்குப் பேச வரலியே, தன்னம்பிக்கை இல்லியே' என்பார்கள். எங்களைப் பேச விடாத மேடைக்கு யார் மதிப்பெண் போடறது?

எங்க சேலம் மாவட்டத்துலயே பாருங்க. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, அஞ்சு வயசுல பஸ் ஏறிக் கால் போனவர். செங்கல் சுமந்து, காய்கறி வித்த தாய் வளர்த்த பிள்ளை. பள்ளியில ஒரு உடற்கல்வி ஆசிரியர் கண்ணுல பட்டாரு. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரு. சின்னப்பம்பட்டி நடராஜன் நெசவுக் கூலி வீட்டுப் பிள்ளை. ஊர் மைதானத்தில் டென்னிஸ் பந்தில் எறிந்து வளர்ந்த கை, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியது. பேப்பர்காரன் இதை 'விடாமுயற்சி' என்று எழுதி முடிச்சிருவான். ஒரு வாத்தியார் கண்ணுல படாத மாரியப்பன்கள் எத்தனை பேர் நம்ம காலனிகள்ல தார் சுத்திக்கிட்டு இருக்கான் என்று நான் கேக்கிறேன்.

கண்ணுல பட்டா மட்டும் போதுமான்னா, அதுவும் போதாது. பல்வங்கர் பாலு என்கிற சாமர் சாதி இளைஞர் புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பராமரிக்கிற ஆள். வெள்ளைக்கார பேட்ஸ்மேன்களுக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். இந்து அணிக்கு அவர் பந்துவீச்சு வேணும். ஆனா தேநீர் இடைவேளையில் மத்தவங்களுக்குப் பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே தனி மண் குவளை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் கடைசி வரைக்கும் தரல. (பிற்பாடு 1937 தேர்தலில் அதே பாலுவைக் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. பாலு தோத்தார். நம்ம திறமையை எதுக்கெல்லாம் பயன்படுத்துவாங்கன்னு தெரிஞ்சுக்க இதையும் ஞாபகத்துல வச்சுக்கணும்.)

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயம் நேரம். கல்வி இணைச் செயல்பாடு எப்ப நடக்குது? நாலரைக்கு மணி அடிச்ச பிறகு. கபடிப் பயிற்சி, பேச்சுப் போட்டிக்குப் பழகுறது, டான்ஸ் ஒத்திகை எல்லாம் அப்பத்தான். அந்த நேரம் யாருக்குச் சொந்தம்? எங்க காலனிப் பிள்ளைக்கு நாலரைக்கு மேல தார் சுத்தற வேலை. அப்பன் தறி முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் குடும்பத்தையே கட்டிப் போட்டிருக்கு. பொம்பளைப் பிள்ளைன்னா தம்பியைப் பார்க்கணும், சோறாக்கணும். பேர் குடுக்கச் சொன்னா, 'எனக்கு இஷ்டமில்ல சார்' என்று சொல்லும். வாத்தியாரும் ரிஜிஸ்டரில் 'ஆர்வமில்லை' என்று எழுதுவார்.

நம்ம பிள்ளைங்க நேரத்து மேல கண்ணு வைக்கிறது புதுசில்ல. ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, முதல்வராக 1953இல் ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூணு மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கத்துக்கணும். பெரியார் இதைக் குலக்கல்வி என்று பேர் சொல்லி எதிர்த்தார், நாடே கொதிச்சது. 1954இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார், காமராசர் வந்தார், மே மாதம் திட்டம் செத்தது. செத்ததா? 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினபோது, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை 'உதவலாம்' என்று ஒரு சந்து வச்சாங்க. ஆபத்தான தொழில் கூடாது என்று பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியலைக் கையில எடுத்துக்கிட்டு எந்த அதிகாரி சாயங்காலம் தார் சுத்தற வீட்டுக்குள்ள நுழையறான்? 2020 தேசியக் கல்விக் கொள்கையோ ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் பிள்ளைகள் போய்த் தொழில் பழகட்டும் என்கிறது. கேக்க அழகாத்தான் இருக்கு. கைத்தொழில் கத்துக்கிறது கேவலம்னு நான் சொல்லல. அக்கிரகாரத்துப் பிள்ளை பத்து நாள் செருப்புத் தைக்கட்டும், சாக்கடை அள்ளட்டும், நானே வந்து கைதட்டுறேன். ஆனா குயவன் மகன் குயவன்கிட்டப் போறதுக்குப் பேர் பயிற்சியா? அதைத்தான் அவன் தினமும் வீட்டுல செஞ்சுக்கிட்டிருக்கானே!

அதனால என் கோரிக்கை ஒண்ணுதான், அதையே திரும்பத் திரும்பச் சொல்றேன். விளையாட்டும் பாட்டும் ஓவியமும் பேச்சும் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, கால அட்டவணைக்குள்ள, எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயமா நடக்கணும். இது ஒண்ணும் கனவில்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்கணும்னு எழுதியிருக்கு. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பேரை எடுத்தாங்க. சம்பளம் மாசம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூணு அரைநாள். அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க, அவங்களும் நிரந்தரம் கேட்டு வருசக்கணக்கா ரோட்டில் உக்காந்தாங்க. கணக்கு வாத்தியாருக்கு ஒரு விலை, பாட்டு வாத்தியாருக்கு ஒரு விலை. அப்படி இருக்க, பரீட்சை நெருங்கினா விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குத் தூக்கிக் குடுக்கிறதுல ஆச்சரியம் என்ன?

அரசு 2022-23இல் கலைத் திருவிழா ஆரம்பிச்சது நல்ல காரியம். அரசுப் பள்ளிப் பிள்ளை மாநில மேடை வரைக்கும் போறதை நான் சந்தோசமாத்தான் பார்க்கிறேன். ஆனா முதல் தேர்வு பள்ளிக்கூடத்துக்குள்ள நடக்குது. 'கலரா இருக்கிற புள்ளைங்க' கண்ணு அங்கதான் உக்காந்திருக்கு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிச்ச பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதுக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை குடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்த 'சமூகநீதி மாணவர் படை' ஒன்று வேணும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாரணர் படைக்கும் பசுமைப் படைக்கும் இருக்கிற இடம் இதுக்கு ஏன் இருக்கக் கூடாது?

நம்ம தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. காலனியில சாயங்காலப் பள்ளி நடத்தறோம். பறை சொல்லிக் குடுக்கலாம்னு கல்லூரித் தம்பிகள் வந்தாங்க. பறை நம்ம எதிர்ப்புக் குரல், விடுதலைக் குரல் என்று பேசினாங்க. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண் பிள்ளைகள் பறையடிச்சு ஆடுறதைப் பார்த்து எனக்கும் உடம்பு சிலிர்த்திருக்கு. ஆனா எங்கப்பா திண்ணையில இருந்து எழுந்து வந்து சொன்னாரு: "நாந் தட்டுனது போதும். எம் பேரப்புள்ள கையில இதை எவனும் குடுக்கக் கூடாது."

தம்பிகளுக்கு வருத்தம். 'பெரியவருக்கு அரசியல் புரியல' என்றார்கள். எனக்கு அப்படித் தோணல. வாசல்ல இருபது ரூபா வாங்கினது அவரு. ஒரு வாரம் யோசிச்சு நாங்க ஒரு முடிவுக்கு வந்தோம். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் எங்க பிள்ளை கையில மட்டும் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துல வச்சு, தறி முதலாளி பிள்ளைக்கும் வாத்தியார் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுக்க எங்கப்பா போவாரு, ஆசிரியரா, நாற்காலியில உக்காந்து, சம்பளத்துக்கு. அது வரைக்கும் சாயங்காலப் பள்ளியில சதுரங்கப் பலகையும் கேரம் போர்டும் மேடைப் பேச்சும்தான். அப்பா இதுக்கு ஒத்துக்கிட்டாரு. நாற்காலின்னதும் சிரிச்சாரு.

இதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மனுவா எழுதியிருக்கோம். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். கேக்க நமக்கு உரிமை இருக்கு. விளையாட்டு, கலைப் பீரியடுகளை வேற பாடத்துக்குக் குடுக்கக் கூடாது. மேடைக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறப்ப பெற்றோர் ரெண்டு பேர் கூட இருக்கணும். கூட்டறதும் கழுவறதும் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது, அதுக்குச் சம்பளத்துக்கு ஆள் போடணும், அந்த ஆளும் எங்க தெருவுல இருந்துதான் வரணும்கிற வழக்கம் ஒழியணும். இவ்வளவுதான் மனு, ஒரு பக்கம்.

இது வரைக்கும் பதினேழு கையெழுத்து விழுந்திருக்கு. அதுல நாலு ஊர்த் தெரு. மிச்ச வீடுகளுக்குத் தறி நிக்கிற ஞாயித்துக்கிழமை போகணும். எழுதத் தெரிஞ்ச பிள்ளைகள் ரெண்டு பேரைக் கூடக் கூட்டிக்கிட்டுப் போறேன்.