போனுக்கும் 'நிகர எடை' வேண்டும்!

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலும் நிகர எடை அச்சிட வேண்டும் என்கின்றன 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகள். ஏழாயிரம் ரூபாய் செல்போனுக்கு மட்டும் ஏன் இல்லை? சீட்டுப் பணத்தில் வாங்கிய போனின் பெட்டியில் '32 ஜி.பி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திறந்து பார்த்தால், கூடவே வந்த மென்பொருளும் நாம் கேட்காத விளையாட்டுகளும் பாதி இடத்தை அடைத்துக் கொண்டிருக்கின்றன. சிலவற்றை அழிக்கவும் முடியவில்லை. பிள்ளைகளின் வீட்டுப்பாடம் வந்தால், பழைய போட்டோக்களை அழித்த பிறகுதான் இறங்குகிறது! கடைக்காரரைக் கேட்டால், "இந்த விலைக்கு இவ்வளவுதாம்மா" என்கிறார். விலை குறைந்தால் உண்மையும் குறைய வேண்டுமா? நமக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். அதுவரை சகோதரிகளே, பணம் கட்டும் முன், கடையில் உள்ள போனில் 'ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

- ஓர் இல்லத்தரசி, கரூர்.