படத்துக்கும் விலை வேண்டும், வரைந்தவருக்கும் பெயர் வேண்டும்

பெருநகரங்களின் தெருச் சுவர்களில் பிறந்த ஓவிய மொழி இன்று மனிதர்களின் மார்பிலும் முதுகிலும் ஏறி உலகெங்கும் உலவுகிறது. அந்த ஆடைக்கான துணியைப் பின்னி, சாயமேற்றி, வெட்டித் தைத்து, அதன்மேல் படத்தையும் அச்சிட்டு அனுப்பும் ஊர்களில் திருப்பூர் முன்வரிசையில் நிற்கிறது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைத் தன்னிடம் வைத்திருப்பதும், 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்ததுமான இந்தத் தொழில் வட்டாரத்தில் நூலுக்கு விலை உண்டு, சாயத்துக்குக் கட்டணம் உண்டு, தையலுக்குப் பீஸ் ரேட் உண்டு. ஆனால் கடையில் வாடிக்கையாளரின் கையை முதலில் நீளச் செய்யும் படத்துக்குக் கணக்கேட்டில் பெரும்பாலும் தனி விலை இல்லை, அதை வரைந்தவருக்குப் பெயரும் இல்லை. வரைபவரின் உழைப்பை உரிமையுள்ள உழைப்பாகத் திருப்பூர் ஏற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

தெருவோவியம் என்பது கலைக்கூடத்துக்கு வெளியே, பொது இடத்துச் சுவரில், வழிப்போக்கர் அனைவரும் காணும்படி வரையப்படுவது. விளம்பரம், சித்திரக்கதை, திரைப்படம் முதலிய வெகுமக்கள் வடிவங்களிலிருந்து கோட்டையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு ஆக்கப்படும் படம் பாப் சித்திரம் எனப்படுகிறது. இவ்விரண்டையும் ஆடையோடு இணைத்தவர்களில் நியூயார்க் ஓவியர் கீத் ஹாரிங் முக்கியமானவர். 1980களின் தொடக்கத்தில் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத நாட்களில் கறுப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்த பலகைகளில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்து பெயர்பெற்ற அவர், 1986-இல் அதே நகரில் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்து, தம் படங்களை டி-ஷர்ட்டுகளில் அச்சிட்டு எளியோரும் வாங்கும்படி விற்றார். அவர் 1990-இல் மறைந்த பிறகும் அவர் நிறுவிய அறக்கட்டளை அப்படங்களை ஆடை நிறுவனங்களுக்கு உரிமம் அளித்து வழங்குகிறது, குழந்தைகள் நலனுக்கும் எய்ட்ஸ் தொடர்பான பணிகளுக்கும் நிதி அளித்துவருகிறது. ஒரு படம் பல்லாயிரம் பனியன்களில் அச்சாகியும் வரைந்தவரின் உடைமையாகவே நீடிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

திருப்பூரின் ஏற்றுமதி வரலாறு படமில்லாத பனியனில்தான் தொடங்கியது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட்டுகளைத் தேடி இங்கு வந்ததிலிருந்தே நேரடி ஏற்றுமதி தொடங்கியதாகத் தொழில் துறையினர் குறிப்பிடுவர். அதன்பின் ஆடையில் நிறமும் எழுத்தும் படமும் கூடக் கூட, ஸ்கிரீன் பிரிண்டிங் இவ்வூரில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. இம்முறையில் கணினியில் உள்ள படம் முதலில் நிறம் நிறமாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி இழுத்துக் கட்டிய ஒரு சட்டம் உருவாகிறது. ஒளிபட்டால் இறுகும் பூச்சை அந்த வலையில் தடவி, அந்த நிறத்துக்கான பிலிமை வைத்து ஒளிகாட்டிக் கழுவினால், நிறம் இறங்க வேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்கிறது. பின் ரப்பர் விளிம்புள்ள ஸ்குவீஜியால் நிறத்தைத் தள்ளும்போது படம் துணியில் பதிகிறது. இங்கே நிறம் பிரிப்பவரின் பணி வெறும் இயந்திரப் பணி அன்று. திரையில் மென்மையாகக் கரையும் நிழல் துணியில் திட்டாகிவிடாமல் காப்பதும், இழுபடும் துணியில் கோடு உடையாமலிருக்க அதன் பருமனை மாற்றுவதும், எட்டு நிறம் கேட்கும் படத்தை ஐந்து நிறத்தில் அதே தோற்றம் குன்றாமல் அமைப்பதும் வரையத் தெரிந்தவராலேயே முடியும். ஆனால் அச்சுக்கூலி நிறங்களின் எண்ணிக்கையையும் படத்தின் அளவையும் கொண்டே கணக்கிடப்படுவதால், இந்தத் திறமை கணக்கில் ஏறாமலே கரைந்துபோகிறது.

இந்தப் புறக்கணிப்பு இரண்டு சந்தைகளில் இரண்டு வடிவம் எடுக்கிறது. ஏற்றுமதிச் சந்தையில் படம் பையர் எனப்படும் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனத்திடமிருந்து ஆயத்த நிலையில் வருவதால், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வியைத் திருப்பூர் கேட்பதில்லை. கேட்க வேண்டியதன் தேவையை 2018-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு உணர்த்துகிறது. புரூக்ளினில் ரிவோக் என்ற தெருவோவியர் வரைந்த சுவரைத் தன் விளம்பரப் படங்களில் பயன்படுத்திய எச் அண்ட் எம் நிறுவனம், ஓவியர் எதிர்ப்புத் தெரிவித்ததும், அனுமதியின்றி வரையப்பட்ட சுவரோவியத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றம் சென்றது. உலகெங்கும் ஓவியர்களின் கண்டனம் கிளம்பவே வழக்கைத் திரும்பப் பெற்றது. இதே போன்ற தகராறு ஆடையில் அச்சான ஒரு படத்தைப் பற்றி எழுந்தால், சரக்கு தேங்குவதும் பணம் நிலுவையில் நிற்பதும் முதலில் உற்பத்தியாளரையே தாக்கும். உள்நாட்டுச் சந்தையிலோ, இணையத்தில் கிடைக்கும் படத்தை இறக்கி, ஓரத்திலுள்ள கையொப்பத்தை அழித்து அச்சிடும் வழக்கம் மலிந்திருக்கிறது. காதர்பேட்டை போன்ற மொத்தச் சந்தைகளை நம்பிப் பிழைக்கும் சிறு பட்டறைகள் ஒன்றையொன்று விலையில் மட்டுமே வெல்ல முயல்வதற்கும் இதுவே ஒரு காரணம். ஒரே படத்தை எல்லோரும் அச்சிட்டால் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி எவருக்கும் இராது.

சட்டம் வரைபவரின் பக்கம் நிற்கிறது, ஆனால் விழிப்புள்ளவருக்கே அது உதவுகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பின் உரிமை கைமாறிய பிறகும், தாமே அதைப் படைத்தவர் என்று கோரவும், தம் மதிப்புக்குக் கேடு நேரும் வகையில் அது சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் படைத்தவருக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979-இல் அகற்றப்பட்டுச் சிதைந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் தொடர்பான வழக்கில், இப்பிரிவின் அடிப்படையில்தான் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஆனால் பனியன் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் 15-ஆம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பு பதிவு செய்யப்படாமலே உரிமையாளராலோ அவர் இசைவோடு பிறராலோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் ஆக்கப்பட்டால், அதன்மீதான பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது அப்பிரிவு. கலைப்படைப்பு எது, பொருளில் பதிப்பதற்கான வடிவமைப்பு எது என்ற நெடுநாள் விவாதத்துக்கு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சில சோதனைகளை வகுத்திருந்தாலும், பனியனுக்கென்றே வரையப்படும் படத்துக்கு இந்த ஆபத்து நீங்கிவிடவில்லை. ஐம்பது என்பது திருப்பூரின் அச்சு மேசையில் காலை வேலை முடியும் முன்பே கடந்துபோகும் எண்ணிக்கை. முறையாகப் பதிந்தாலோ 10 ஆண்டும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் படம் வெளியுலகுக்கு வருமுன்பே விண்ணப்பித்தாக வேண்டும்.

திருப்பூர் அடிப்படையில் ஜாப் ஒர்க் ஊர், பையர் அனுப்புவதை அச்சிட்டுத் தருவதே அதன் வேலை, ஒரு பீஸுக்குச் சில ரூபாயே மிஞ்சும் தொழிலில் ஓவியருக்குத் தனிச் செலவு கட்டுப்படியாகாது என்ற வாதம் ஒருபுறம் எழும். அது உண்மை நிலையிலிருந்து எழும் வாதமே. ஆயினும் அதே உண்மை எதிர்த்திசையையும் காட்டுகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டியபோது, பிறர் தரும் படத்தைப் பிறர் சொல்லும் விலைக்கு அச்சிடும் ஊருக்குப் பேரம் பேச எவ்வளவு குறைந்த வலிமை இருக்கிறது என்பது வெளிப்பட்டது. கூலியில் போட்டியிடும் தொழிலை அதைவிடக் குறைந்த கூலியுள்ள நாடு எளிதில் பறித்துக்கொள்ளும். சொந்தமாகப் பதிவு செய்த படத்தை அப்படிப் பறிக்க முடியாது. உள்ளூர்க் கற்பனைக்குச் சந்தை இல்லை என்பதும் சரியன்று. 2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா', 'நான் தமிழ் பேசும் இந்தியன்' என்ற பொருளுள்ள வாசகங்கள் பொறித்த டி-ஷர்ட்டுகளைத் திரைத்துறையினர் அணிந்த படங்கள் பரவியபோது, சில நாட்களிலேயே திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. அந்த முழக்கத்தின் அரசியலோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் இருக்கலாம். வெளிநாட்டுப் பையரின் உதவியின்றி, தமிழ் எழுத்தும் தமிழ்ச் சிந்தனையும் தாங்கிய ஆடை தன் சந்தையைத் தானே உண்டாக்கிக்கொண்டது என்பதை எவரும் மறுக்க இயலாது.

வரைபவர்கள் வளர்வதற்கு இடமும் வேண்டும். தட்டிகளிலும் கடைப் பலகைகளிலும் கையால் எழுதியும் வரைந்தும் வாழ்ந்த ஓவியர்களின் பிழைப்பை பிளெக்ஸ் பேனர் பறித்துக்கொண்ட பின், தமிழக நகரங்களில் வரையும் கை பழகுவதற்கான பொதுவெளி சுருங்கிவிட்டது. அது மீளக்கூடியது என்பதைச் சென்னை கண்ணகி நகரும் கோவை உக்கடமும் காட்டியுள்ளன. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியில் அங்குள்ள குடியிருப்புகளின் பெருஞ்சுவர்கள் ஓவியங்களாயின. சுவரொட்டியையும் சுவரெழுத்தையும் கட்டுப்படுத்த 1959-இல் இயற்றப்பட்ட பொது இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் உள்ளாட்சி நிர்வாகம், தடுக்கும் அதிகாரத்தோடு அனுமதிக்கும் கடமையையும் உணர வேண்டும். மேம்பாலத் தூண்களும் நொய்யல் ஆற்றங்கரைச் சுவர்களும் பனியன் கம்பெனிகளின் நீண்ட மதில்களும் உள்ள திருப்பூரில், பின்னலாடைத் தொழிலாளரின் வாழ்வையும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கு உழைப்போரின் முகங்களையும் வரைய ஓவியர்களுக்கு உரிய ஊதியத்தோடு இடம் ஒதுக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. முதலாவதாக, 1990-இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், படத்தின் மூலத்தையும் உரிமத்தையும் பையர் எழுத்தில் உறுதிசெய்து, தகராறு எழுந்தால் பொறுப்பை ஏற்கும் நிபந்தனையைக் கொள்முதல் ஒப்பந்தங்களில் பொதுவழக்காக்க வேண்டும். இரண்டாவதாக, சிறு பட்டறைகளும் தனி ஓவியர்களும் தம் வடிவமைப்புகளை அச்சுக்குப் போகுமுன் பதிவு செய்ய உதவும் மையம் ஒன்றை மாநில அரசு திருப்பூரிலேயே திறக்க வேண்டும். மூன்றாவதாக, ஓவியருடன் எழுத்து ஒப்பந்தம், படத்துக்குத் தனிக் கட்டணம், மறு ஆர்டருக்குப் பங்கு, ஆடையின் உட்புற லேபிளில் வரைந்தவர் பெயர் ஆகியவற்றை உள்நாட்டு பிராண்டுகள் தாமாக முன்வந்து கடைப்பிடிக்க வேண்டும். நான்காவதாக, அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்க, படத்தை நாள்தோறும் லட்சக்கணக்கில் அச்சிடும் கொங்கு வட்டாரத்தில் அத்தகைய அரசுக் கல்லூரி இல்லை என்ற குறை நீங்க வேண்டும். அதுவரை, இங்குள்ள நிப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியில் சித்திரத்துக்கும் எழுத்துரு வடிவமைப்புக்கும் தனிப் பாடப்பிரிவு உருவாக வேண்டும்.

சாயக்கழிவு நொய்யலைப் பாழாக்கியதற்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, கழிவு வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குச் செலவிட நேர்ந்தால் தொழிலே அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. பெரும் இழப்புகளுக்கு நடுவே அம்முறையை ஏற்றுக்கொண்ட திருப்பூர், இன்று அதையே உலகச் சந்தையில் தன் தகுதியாக எடுத்துக் காட்டுகிறது. நீதிமன்றம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருந்ததற்கு அன்று கொடுத்த விலை மிகப் பெரியது. வரைபவரின் உரிமையிலும் அப்படியொரு கட்டாயம் வருமுன்பே, தன் விருப்பத்தால் திருப்பூர் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும்.