போருக்குப் போனவர்கள் யார்?

வியட்நாம் போர் என்றால் நம் மனதில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஹாலிவுட் கொடுத்தது. வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வரும். பையனைக் கூட்டிப்போய் வயல் சேற்றில் இறக்கிவிடுவார்கள். ஊரில் நீளமுடி மாணவர்கள் ஆள்சேர்ப்பு அட்டைகளைக் கொளுத்துவார்கள். இவை எல்லாமே நடந்தவைதான். ஆனாலும் கணக்கைப் பார்க்கும்போது இடிக்கிறது. அந்தப் போரில் மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் தாமாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள். பிறகு எதை எதிர்த்து அத்தனை கொந்தளிப்பு?

அழைக்கப்படாதவர்களின் பக்கம் திரும்பினால்தான் இதற்கு விடை கிடைக்கும். 1964 முதல் 1973 வரை ஆள்சேர்ப்பு வயதில் இருந்த ஆண்கள் ஏறத்தாழ 2.7 கோடி. அவர்களில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். தாமாகச் சேர்ந்தவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். மீதி ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் சீருடையே அணியவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓடி ஒளிந்தவர்களும் இல்லை. வெளியே இருப்பதற்கான வாசல்களைச் சட்டமே திறந்து வைத்திருந்தது.

1940-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் அமெரிக்காவின் முதல் அமைதிக்கால ஆள்சேர்ப்புச் சட்டம். 1947-ல் அது காலாவதியானது, 1948-ல் புதிய சட்டமாகத் திரும்பி வந்தது. 1941 முதல் 1970 வரை ஆள்சேர்ப்புத் துறையைக் கட்டி ஆண்டவர் ஜெனரல் லூயிஸ் ஹெர்ஷி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வாஷிங்டனில் இல்லை. நாடெங்கும் இருந்த சுமார் 4,000 உள்ளூர் வாரியங்களிடம் இருந்தது. சம்பளம் வாங்காத ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, பையன்களின் கோப்புகளைப் பார்த்து முத்திரை குத்துவார்கள். 1-ஏ என்றால் அழைக்கத் தயார். 2-எஸ் என்றால் கல்லூரி மாணவர், இப்போதைக்கு விலக்கு. 4-எஃப் என்றால் தகுதியற்றவர். இந்த வாரியங்களில் கறுப்பினத்தவர் மிக அரிது, தெற்கு மாநிலங்களில் இன்னும் அரிது. பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று வாரியத்துக்குத் தெரியும் என்பதே இந்த ஏற்பாட்டின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அதன் கோளாறும் அதுவேதான்.

2-எஸ் முத்திரைக்கு முழுநேர மாணவராக இருக்க வேண்டும். பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பகுதிநேரமாகப் படித்தவனுக்கு அது கிடையாது. இதைத் தற்செயலான பாகுபாடு என்று தள்ளிவிட முடியாது. ராணுவப் பயத்தைக் காட்டி இளைஞர்களைப் பொறியியல், ஆசிரியப் பணி போன்று நாட்டுக்குத் தேவையான துறைகளுக்குத் திருப்பிவிடுவதும் தன் வேலைதான் என்று ஹெர்ஷியின் துறை வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது. பின்னாளில் துணை அதிபரான டிக் செனி 5 முறை விலக்கு பெற்றவர். அவர் சட்டத்தை வளைக்கவில்லை, சட்டம் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

‘தாமாகச் சேர்ந்தவர்கள்’ என்ற கணக்கையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். கல்லூரி வாசல் இல்லாதவனுக்கு அழைப்பு இன்றோ நாளையோ வந்துவிடும். அதற்குள் முந்திக்கொண்டு கையெழுத்திட்டால் கடற்படையோ விமானப்படையோ கிடைக்கலாம், ஒரு தொழிலாவது கற்கலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் ஏராளம். கடிதத்துக்காகக் காத்திருந்தவன் பெரும்பாலும் காலாட்படைக்குப் போனான். 1969 வாக்கில் தரைப்படையின் முன்வரிசைத் துப்பாக்கி வீரர்களில் பெரும்பான்மையோர் கட்டாயத்தில் வந்தவர்களே.

1965 ஜூலை 28 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், வியட்நாமில் உள்ள படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். மாதாந்தர அழைப்பு 17,000-லிருந்து 35,000 ஆனது. ராணுவத் தலைமை கேட்ட இன்னொன்றை மட்டும் அவர் கொடுக்கவில்லை: ரிசர்வ் படைகளை அழைக்க மறுத்தார். காரணத்தை நாட்காட்டியே சொல்லும். இரண்டு நாள் கழித்து, ஜூலை 30 அன்று, முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். ரிசர்வ் படையில் இருந்தவர்களில் பலர் குடும்பமும் வேலையும் உள்ளவர்கள். அவர்களை அழைத்தால் நாடு போர்க்கோலம் பூணும், காங்கிரஸில் கேள்விகள் எழும், சீர்திருத்தச் சட்டங்களுக்கான பணம் முடங்கும். 19 வயதுப் பையன்களை மாதாமாதம் கூட்டி எடுத்தால் இத்தனை சத்தம் வராது என்று ஜான்சன் கணக்குப் போட்டார். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை உறுதிசெய்த அதே அதிபர், அதே கோடையில் இந்த ஏற்பாட்டையும் செய்தார் என்பதுதான் ஜான்சனைப் புரிந்துகொள்வதில் உள்ள சிரமம். ரிசர்வ் படைகள் போருக்கு அழைக்கப்படாததால் அவையும் ஒரு வாசலாயின: 1968-ல் தேர்தல் சூடு ஏறியபோது தேசியக் காவல்படையில் சேரப் பெரிய காத்திருப்போர் பட்டியலே இருந்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் டெக்சாஸ் வான் காவல்படையில் சேர்ந்தது அந்த ஆண்டில்தான்.

ஆள் போதாதபோது மேலே இருந்த வாசல்களை மூடாமல் கீழே இருந்த வேலியைத் தாழ்த்தினார்கள். 1966-ல் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, தகுதித் தேர்வில் முன்பு தோற்றிருக்கக்கூடியவர்களையும் சேர்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் வழியாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எடுக்கப்பட்டார்கள். முகமது அலியின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1964-ல் எழுத்துத் தேர்வில் தேறாததால் ஒதுக்கப்பட்ட குத்துச்சண்டை வீரர், 1966-ல் தேர்ச்சி மதிப்பெண் குறைக்கப்பட்டதும் 1-ஏ ஆனார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் பெயர் கூப்பிட்டபோது முன்னால் வர மறுத்தார். சாம்பியன் பட்டம் பறிபோனது, 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1971-ல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதை ரத்து செய்தது. அதற்குள் அவருடைய உச்ச வயதில் மூன்றரை ஆண்டுகள் மேடையின்றிப் போய்விட்டன.

கறுப்பினத்தவர் விகிதத்துக்கு மீறி இறந்தார்கள் என்ற பேச்சிலும் ஒரு தெளிவு வேண்டும். போரின் தொடக்க ஆண்டுகளில் அது உண்மை: மக்கள்தொகையில் சுமார் 11 விழுக்காடாக இருந்தவர்கள் தரைப்படையின் இறப்பில் 20 விழுக்காட்டைத் தாண்டினார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1967-ல் போரைக் கண்டித்துப் பேசியபோது கண்ணெதிரே இருந்தது இந்தக் கணக்குதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகு விகிதம் இறங்கியது. போர் முழுவதற்குமான கணக்கு சுமார் 12 விழுக்காடு.

1968 பிப்ரவரியில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான விலக்கு பெருமளவு நீக்கப்பட்டது. மருத்துவம் போன்ற சில துறைகளுக்கே மிச்சம். வளாகங்கள் அதற்கு முன்பே கொதித்துக்கொண்டிருந்தன என்றாலும், இதற்குப் பின் நடுத்தர வர்க்கத்துத் தாய் தகப்பன்களும் செய்தித்தாளை வேறு கண்ணால் படித்தார்கள்.

1969 டிசம்பர் 1 அன்று, யாரை முதலில் அழைப்பது என்பதைப் பிறந்த தேதியை வைத்து முடிவுசெய்யும் குலுக்கல் வந்தது. 366 பிறந்தநாள்கள், 366 நீல பிளாஸ்டிக் குப்பிகள், ஒரு கண்ணாடி ஜாடி. தொலைக்காட்சியில் நாடே பார்க்க முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தக் குலுக்கலில் 195-ம் எண் வரை அழைக்கப்பட்டார்கள். இதிலும் ஒரு கோணல்: ஜனவரியில் தொடங்கி மாதவாரியாகக் குப்பிகளைப் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. டிசம்பரில் பிறந்தவர்கள் மேலாகவே கிடந்து சீக்கிரம் சீக்கிரமாக வெளியே வந்தார்கள். சீட்டு நடத்துகிற எந்த அக்காவும் டப்பாவை இதைவிட நன்றாகக் குலுக்கியிருப்பார். புள்ளியியல் பாடநூல்களில் இது இன்றும் ஓர் உதாரணம். அடுத்த ஆண்டு இரண்டு உருளைகள் வைத்துத் திருத்திக்கொண்டார்கள்.

கோணல் இருந்தாலும், பிறந்த தேதிக்குப் பணக்காரன் ஏழை தெரியாது. 1971-ல் புதிய மாணவர் விலக்கும் ஒழிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கிய 26-வது அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறியது. சுடச் சொல்லலாம், ஓட்டுப் போடக் கூடாதா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆக, சுமை ஓரளவு சமமாகப் பங்கிடப்பட்ட கட்டத்தில்தான் கட்டாய ஆள்சேர்ப்பையே கைவிடும் முடிவு பழுத்தது. நிக்சன் 1968 பிரச்சாரத்திலேயே அதை வாக்களித்திருந்தார், படைகளும் திரும்பிக்கொண்டிருந்தன. 1973 நடுவில் அது முடிவுக்கு வந்தது. எல்லோரும் போவது என்றானபோது, விரும்பியவர்கள் போகட்டும் என்று அமெரிக்கா முடிவு செய்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

1977 ஜனவரி 21, பதவியேற்ற மறுநாள், ஜிம்மி கார்ட்டர் பொதுமன்னிப்பு அறிவித்தார். கனடாவுக்குப் போனவர்கள், அழைப்பை மறுத்தவர்கள் எல்லோரும் அதில் அடங்கினார்கள். ராணுவத்தில் சேர்ந்த பிறகு பாதியில் ஓடிவந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு இல்லை. அவர்களில் பலர் கல்லூரியைப் பார்க்காதவர்கள்.