குறி சொல்லும் பெட்டியும் கம்பி தேடும் கையும்

நம் சங்கத்து மலரில் இலக்கியம் எழுதுவோர் உண்டு. அரசியல் எழுதுவோர் உண்டு. நான் இம்முறை ஒரு காரின் கம்பியைப் பற்றி எழுதப் போகிறேன். கம்பியில் என்ன கருத்து இருக்கப் போகிறது என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. ஐந்து ஆண்டுகள் பௌதிகம் படித்தும் நான் கல்லாத ஒரு பாடத்தை அந்தக் கம்பி எனக்குக் கற்பித்தது. அதற்கான கட்டணத்தைச் செலுத்தியவரோ நான் அல்லன், என் தாய்மாமன்.

திருநெல்வேலியிலிருந்து இந்தப் புனே நகருக்கு நான் படிக்க வந்தேன். மாமா பிழைக்க வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் பலர், பின்னால் வந்தவர் பலர். பழைய கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்டி, ஊரிலுள்ள குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார். கார் ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும். நின்றால் அதுவும் நிற்கும். இதுவே அவருடைய பொருளாதாரம்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, மும்பையிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு கண்டாலா மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார். திடீரென்று எஞ்சின் விளக்கு எரிந்தது. காலால் எவ்வளவு அழுத்தினாலும் கார் ஆமைபோல் ஊர்ந்ததே அன்றி வேகம் எடுக்கவில்லை. பின்னால் சரக்கு லாரிகள் வரிசையாக முட்டிக்கொண்டு வந்தன. எப்படியோ ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினார். ஒன்றுமே நடவாததுபோல் கார் ஓடியது. அடுத்த வாரமும் இதே கதை. அதற்கடுத்த வாரமும் இதே கதை.

பெரிய பட்டறை ஒன்றுக்குக் காரைக் கொண்டு போனோம். அங்கே ஓர் இளைஞர் ஒரு சிறு பெட்டியைக் காரில் செருகினார். பெட்டி "பி 2138" என்று குறி சொன்னது. "வேக மிதியின் சென்ஸார் கெட்டுவிட்டது, மிதியையே மாற்ற வேண்டும்" என்றார் அவர்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ளே, நீ படிச்சவன். மாத்திரலாமா, சொல்லு" என்றார்.

"மெஷினே சொல்லுது மாமா. மெஷின் பொய் சொல்லுமா? மாத்திருங்க" என்றேன்.

எட்டாயிரம் ரூபாய் போயிற்று. பத்தாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. பெட்டி மறுபடியும் அதே குறியைச் சொன்னது. இப்போது பட்டறைக்காரர்கள், "அப்படியானால் ஈ.சி.யூ.தான் பழுது. காரின் மூளையையே மாற்ற வேண்டும். நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். மாமா அன்றிரவு யாரிடம் கடன் கேட்கலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

இங்கே சற்று நின்று, அந்தப் பெட்டி உண்மையில் என்ன சொல்லிற்று என்பதை எண்ணிப் பார்ப்போம். கார் தன் குறையைத் தானே கண்டு, ஒரு குறியீடாக எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து இதன் இரண்டாம் கட்டம் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2013 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. அருமையான ஏற்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் பி 2138 என்ற குறியின் பொருள் "மிதி கெட்டுவிட்டது" என்பதன்று. "மிதியிலிருந்து வரும் இரண்டு மின்னழுத்தங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை" என்பதே அதன் பொருள். பொருந்தாமைக்கு மிதி காரணமாக இருக்கலாம். இணைப்பு முனை காரணமாக இருக்கலாம். நடுவே ஓடும் கம்பி காரணமாக இருக்கலாம். குறி, வழக்கைச் சொல்கிறது; குற்றவாளியைச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் வழக்கைக் கேட்டதும் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பில் கையெழுத்திட்டவன் நான்.

வேறோர் ஓட்டுநர் சொல்ல, சாலையோரத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். எல்லோரும் அவரைக் 'காகா' என்று அழைக்கிறார்கள். நம் ஊரில் காகா என்றால் பறவை நினைவுக்கு வரும். மராத்தியில் அது சிற்றப்பன். அறுபது வயது. கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். அவரிடமும் சிறு பெட்டி ஒன்று இருந்தது. அவரும் அதைச் செருகிக் குறியைப் பார்த்தார். ஆனால் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"எப்போதெல்லாம் வருகிறது? மழையிலா, வெயிலிலா? மேட்டிலா, சமவெளியிலா? அந்நேரம் காரில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது?"

பெரிய பட்டறையில் ஒருவரும் கேளாத கேள்விகள் இவை. மாமா யோசித்து, "மலை ஏறும்போது பயணிகள் உற்சாகத்தில் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொல்வார்கள்" என்றார். காகா புன்னகை செய்தார்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்தார்; மறுமுனையை, மிதியின் இணைப்பைக் கழற்றாமலே, அதன் பின்புறமாகத் தரைக் கம்பியில் தொட்டார். அங்கே மின்னழுத்தம் ஏறத்தாழப் பூச்சியமாக இருக்க வேண்டும், அப்படியே இருந்தது. முன்விளக்கைப் போட்டார், மாற்றமில்லை. துடைப்பானைப் போட்டார், மாற்றமில்லை. பாட்டைப் போட்டு ஒலியைக் கூட்டினார். எண் துள்ளிக் குதித்து அரை வோல்ட்டைத் தொட்டது. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஆடவும் செய்தது!

பிறகு அவர் கை கம்பியைத் தொடர்ந்து சென்றது. முன்பலகைக்கு அடியில் ஓரிடத்தில், மிதியின் தரைக் கம்பியின் உறையைச் சீவி, வேறொரு கம்பியை அதில் முறுக்கி, நாடா ஒட்டியிருந்தது. சென்ற ஆண்டு பாட்டுக் கருவிக்கு ஆம்ப்ளிஃபையர் பொருத்தியவர் செய்த வேலை. அவருக்கு ஒரு 'எர்த்' வேண்டியிருந்தது. கைக்கு எட்டியது இந்தக் கம்பி. செம்பு பச்சை பூத்திருந்தது.

பௌதிக மாணவன் என்ற முறையில், நடந்ததை விளக்கும் கடமை எனக்கு உண்டு. இக்காலக் கார்களில் வேக மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே இழுகம்பி கிடையாது. மிதியில் இரண்டு சென்ஸார்கள் இருக்கின்றன. மாமாவின் காரில் ஒன்று தரும் வோல்ட் மற்றொன்றைப்போல் இரு மடங்கு. காலை எடுத்திருக்கும்போது 0.8, 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டிப்புக் கணக்கு சரியாக இருக்கும் வரை ஈ.சி.யூ. நம்பும். தவறினால், "எதை நம்புவது?" என்று அஞ்சி எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிடும். கட்டுக்கடங்காமல் பாய்வதைவிட ஊர்வது நலம் என்பது அதன் அறம். ஆம்ப்ளிஃபையரின் மின்னோட்டம், மெல்லிய சென்ஸார் கம்பி வழியே திரும்பியபோது, ஓம் விதிப்படி அங்கே அரை வோல்ட் எழுந்தது. தரையே அரை வோல்ட் உயர்ந்தால் 0.8 என்பது 1.2 ஆகும், 0.4 என்பது 0.85ஐத் தாண்டும். இரட்டிப்பு எங்கே? மிதியும் பொய் சொல்லவில்லை. மூளையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் நின்றிருந்த தரை நகர்ந்துவிட்டது.

காகா முறுக்கை வெட்டி, கம்பியைப் பற்றவைத்து, உறையிட்டார். ஆம்ப்ளிஃபையரின் எர்த்தைக் காரின் உடலில் வண்ணம் சுரண்டிய ஒரு போல்ட்டில் பூட்டினார். அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கார் இன்றுவரை அந்தக் குறியைக் காட்டவில்லை. கழற்றிப் போட்ட பழைய மிதி, யாதொரு குறையும் இன்றி, என் விடுதி அறை மேசைமேல் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

நண்பர்களே, என் வெட்கம் எதில் என்று கேட்பீர்கள். ஓம் விதி எனக்குத் தெரியாததா? பள்ளியிலிருந்து எழுதி மதிப்பெண் பெற்று வந்த விதி. ஆனால் பெட்டியில் எழுத்து தோன்றியவுடன் நான் கைகட்டி நின்றேன். காகா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்; பெட்டியை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஊகித்து, ஒவ்வொன்றாய் மாற்றி, அளந்து, முடிவு கண்டார். இருவரில் விஞ்ஞானி யார்? நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்னும் வள்ளுவர் முறை, பட்டம் பெறப் போகும் என்னிடம் இல்லை. பழைய மல்டிமீட்டர் பிடித்த அவர் கையில் இருந்தது.

எதிர்வாதம் ஒன்று எழலாம். "பெட்டி வேண்டாம் என்கிறாயா? சென்ஸார்கள் கெடுவதே இல்லையா?" என்று கேட்கலாம். கெடுகின்றன. பல கணிப்பொறிகள் குடியிருக்கும் காரில் பெட்டியின்றித் தேடுவது, விளக்கின்றி இருட்டறையில் ஊசி தேடுவதை ஒக்கும். குறி தோன்றிய நொடியில் எஞ்சின் எந்நிலையில் இருந்தது என்பதையும் அது காட்டும். ஆனால் விளக்கு இடத்தைக் காட்டும். ஊசியை எடுத்துக் கொடுக்காது. எடுக்க ஒரு கை வேண்டும்.

கம்பி ஏன் முதலில் ஐயத்துக்குரியது? கார் அதிர்கிறது, கம்பியின் உறை தேய்கிறது. மழைநீர் இணைப்பில் இறங்குகிறது. செம்பு பச்சை பூக்கிறது. எலி கடிக்கிறது. மனிதன் முறுக்குகிறான். இவற்றுள் எதுவும் புதுப் பாகம் வாங்கினால் தீராது. மேலும் கம்பி நம்மை ஏமாற்றவும் வல்லது. பல இழைகள் கொண்ட கம்பியில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், ஓம் மீட்டர் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துவதால் "நலம்" என்று காட்டிவிடும். விளக்கையோ விசிறியையோ இயக்கிப் பாரம் ஏற்றி, கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளந்தால்தான் குட்டு வெளிப்படும். 10 ஆம்பியர் ஓடும் வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் பறிபோகும்.

கணிப்பொறிகள் தம்முள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பும் இத்தகையதே. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், முறுக்கிய இரு கம்பிகளின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ கம்பி அறுந்தது, அல்லது ஒரு கோடித் தடை போயிற்று என்று பொருள். இணைத்தடைக் கணக்கைத் தேர்வில் போடத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் இதைக் கையால் அளந்திருக்கிறோம்?

ஆகவே நான் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பட்டறைகளுக்கு. விலை மிக்க பாகம் எதையும் மாற்றுமுன், அதற்குச் செல்லும் மின்சாரத்தையும் தரையையும் சைகைக் கம்பியையும் அளந்து, அந்த எண்களை ரசீதில் எழுதித் தர வேண்டும். வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் தருவதில்லையா? "குறி சொன்னது, மாற்றினோம்" என்பது சிகிச்சையாகாது.

இரண்டாவது, ஆள்வோருக்கு. காகா போன்றவர்கள் அனுபவத்தால் துழாவுகிறார்கள். காரின் கம்பிப் படம் அவர்கள் கைக்கு எளிதில் கிட்டுவதில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, பழுது பார்க்கும் விவரங்களைத் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் உரிமையாக்கினர். நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று. கம்பிப் படம் சாலையோரக் கடையின் சுவரில், அவரவர் தாய்மொழியில், தொங்கும் நாளில்தான் அந்த உரிமை முழுமை பெறும்.

மூன்றாவது, நமக்கு. இந்நகரில் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழர் பலர். அவர்கள் உழைப்பில் ஒரு பங்கு, தவறான தீர்ப்புகளுக்குத் தண்டமாகப் போகிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கம், மழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை மாலையை அவர்களுக்கென ஒதுக்கலாகாதா? மல்டிமீட்டர் நாம் கொண்டு வருவோம். காகாவை அழைத்து வருவது என் பொறுப்பு, வருவதாக வாக்களித்துவிட்டார். அன்று அவர் ஆசிரியர், நாம் மொழிபெயர்ப்பாளர்கள். ஓட்டுநர்கள் பழுது பார்க்கக் கற்க வேண்டியதில்லை, "அளந்தீர்களா? எவ்வளவு வந்தது?" என்று கேட்கக் கற்றால் போதும்.

"நீ படிச்சவன், சொல்லு" என்று நம்மைப் பார்த்துக் கேட்போர் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நம்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை அது. அடுத்த முறை மாமா என்னைத் திரும்பிப் பார்க்கும்போது, "மாத்திருங்க" என்று சொல்ல மாட்டேன். "இருங்க மாமா, அளந்து பார்ப்போம்" என்று சொல்வேன். படிப்புக்கு அதைவிடப் பெரிய பயன் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.