பீரங்கி முழக்கமும் பேனா முனையும்

குடியரசுத் தலைவர் பதவியேற்பு வந்துவிட்டால் தாராவிக் குழாயடியிலும் நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் திண்ணையிலும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "குழாயில் தண்ணீர் வராத நாட்டில் குதிரைப்படை பவனி எதற்கு?" என்பார் ஒருவர். "கல்யாணம் என்றால் மேளம் வேண்டாமா? அது நாட்டின் கௌரவம்" என்பார் இன்னொருவர். 2022 ஜூலை 25 அன்று சந்தால் பழங்குடியில் பிறந்த திரௌபதி முர்மு பதவியேற்றபோது மூன்றாவது குரல் ஒன்றும் எழுந்தது: "மேல்தட்டார் போனபோது கேட்காத கேள்வியை, எளியவர் போகும்போது மட்டும் கேட்பானேன்?"

மூன்றிலும் நியாயம் உண்டு. மூன்றாவதில் கூடுதலாகவே உண்டு.

அந்தக் குதிரைப்படை 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் பாதுகாப்புக்காக அமைத்தது. 340 அறைகள் கொண்ட அந்த மாளிகை வைஸ்ராய்க்காகக் கட்டப்பட்டது. குடிமக்களை மிரட்டி வைக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடுகள் இவை. அந்த மாளிகைக்குள் 1997 ஜூலை 25 அன்று, உழவூரில் ஓலைக்குடிசையில் பிறந்த தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளை கே.ஆர். நாராயணன் குடியேறியபோது நம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

ஆனால் தோழர்களே, முழக்கத்தோடு நின்றுவிட்டால் ஏமாந்து போவோம். 21 குண்டுகள் யாருக்கும் ஒன்றுபோலத்தான் முழங்கும்.

1969 ஆகஸ்ட் 24 அன்று பதவியேற்ற வி.வி. கிரி, ரயில்வே தொழிற்சங்கத்தை வளர்த்த தலைவர். 1974 மே மாதம் லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இருபது நாட்களில் போராட்டம் நொறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். பெண்டு பிள்ளைகள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே தள்ளப்பட்டார்கள். அன்று ராஷ்டிரபதி பவனில் இருந்தவர் அதே கிரிதான்.

அவருக்குப் பின் 1974 ஆகஸ்ட் 24 அன்று பக்ருதீன் அலி அகமது பதவியேற்றார். பத்தே மாதத்தில், 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.

நாராயணனோ 1997 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்டு மத்திய அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பின்வாங்கியது. 1998 தேர்தலில் சாதாரண வாக்காளர்போல வரிசையில் நின்று வாக்களித்தார். அங்கே குதிரையும் இல்லை, குண்டும் இல்லை. பதவிக்குக் கௌரவம் மட்டும் வந்தது.

ஆகவே நம் கருத்து இதுதான். வைஸ்ராய் விட்டுச் சென்ற மிச்சங்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்பட்டும். ஆனால் எளிய வீட்டுப் பிள்ளை ஏறும்போது மட்டும் தேரைப் பிரிக்கக் கூடாது. யார் வந்தாலும் இவ்வளவுதான் என்று பொதுவிதி செய்யட்டும்.

விழாவில் குறைக்கக் கூடாதது ஒன்றே: உறுதிமொழி. அரசியல் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்வது, சட்டத்தைக் காப்பதும், மக்களின் சேவைக்கும் நலனுக்கும் தன்னை ஒப்படைப்பதும். அந்த நாலு வரியைத் தமிழில் எழுதி நம் சங்க அறையில் மாட்டுவோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். யார் பதவியேற்றாலும், அவர் போடும் ஒவ்வொரு கையெழுத்தையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

குண்டுகளை எண்ணியது போதும். இனி கையெழுத்துகளை எண்ணுவோம்.