வன்னி வயலும் காட்டின் எல்லைக்கோடும்: எந்த ஜிபிஎஸ் கருவியை வாங்குவது?

2025 மார்ச் 28 அன்று இலங்கை அரசு வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல் புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் தூக்கத்தைக் கெடுத்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அவை அரச காணியாகும் என்பதே அதன் சாரம். எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை நடைமுறைப்படுத்த இடைக்காலத் தடை விதித்தது.

அந்த மூன்று மாதங்களும் நமக்கு ஒன்றை உணர்த்தின. லண்டனில் வாழும் நம்மில் பலரிடம் உறுதி இருக்கிறது, அல்லது அதன் பிரதி இருக்கிறது. ஆனால் "உங்கள் வயல் வரைபடத்தில் எங்கே?" என்று கேட்டால் விரலை வைத்துக் காட்ட முடிவதில்லை. "வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே ஆலமரம்" என்று உறுதி சொல்கிறது. ஆலமரம் விழுந்துவிட்டது. இன்னாரின் பிள்ளைகள் கனடாவில். வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது.

இதனால்தான் ஊருக்குப் போகும்போது கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கிச் செல்லும் எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கருவியால் எது முடியும், எது முடியாது என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

வன்னியில் சிக்கலின் வேர் காட்டுக்கும் வயலுக்கும் இடையிலான கோடு. போரும் இடப்பெயர்வும் காரணமாக இருபது முப்பது ஆண்டுகள் உழப்படாமல் கிடந்த வயல் பற்றைக்காடாகிவிடும். மேலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் அதுவும் காடு போலவே தெரியும். அந்தப் படத்தை வைத்துக் கோடு போட்டால் வயல் காட்டுக்குள் போய்விடும்.

மன்னாரின் முசலிப் பிரதேசம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்கள் அங்கே இருக்கின்றன. அவர்கள் திரும்பி வரத் தொடங்கிய காலத்தில், 2012 ஒக்டோபரில், மரிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதிகள் ஒதுக்கக்காடாக அறிவிக்கப்பட்டன. ஊருக்கு வந்து பார்க்காமல் ஜிபிஎஸ் கொண்டு கொழும்பிலிருந்தே எல்லை வரைந்துவிட்டார்கள் என்பது அந்த மக்களின் குற்றச்சாட்டு. 2017 மார்ச்சில் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மாவில்லு பேணற்காடாக அறிவிக்கப்பட்டபோது போராட்டம் வெடித்தது. மறுபக்கத்தில், வில்பத்துவை ஒட்டிய காடு அழிக்கப்படுகிறது என்று சூழலியலாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு பகுதியில் காடு வெட்டிக் குடியேற்றியதைத் தவறென்று கூறி, மரங்களை மீள நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஏற்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

இரண்டு தரப்பின் கவலையும் பொய்யல்ல. யானைக்கும் கரடிக்கும் காடு வேண்டும், கமக்காரனுக்கு வயல் வேண்டும். எங்கே வயல் இருந்தது, எங்கே மூத்த காடு இருந்தது என்று தரையில் நின்று குறித்த பதிவு இல்லாததுதான் இரண்டையும் மோதவிட்டது.

இனிக் கருவிக்கு வருவோம். திறந்த வெளியில் சாதாரணக் கைத்தொலைபேசி ஐந்து மீற்றர் அளவு துல்லியம் தரும். சாதாரண கையடக்கக் கருவியும் மூன்று முதல் ஐந்து மீற்றர்தான். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டோரத்தில் இது இன்னும் கெடும். செய்மதிச் சமிக்ஞை இலைகளிலும் அடிமரங்களிலும் பட்டுத் திரும்புவதே காரணம். எனவே காட்டோர வேலைக்கு இரட்டை அலைவரிசைக் கருவி நல்லது. ஒரே செய்மதியிலிருந்து இரு அலைவரிசைகளைப் பெற்று ஒப்பிடுவதால் அது தவறைக் குறைக்கும். கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65 அவ்வகையானது. சாதாரண ஏஏ பற்றரியில் இயங்குவதால் மின்சாரம் இல்லாத இடத்திலும் உதவும். வெளியான வயல்வெளியில் மட்டும் வேலை என்றால் விலை குறைந்த ஈட்ரெக்ஸ் வகை போதும். அதற்கும் வசதியில்லை என்றால் கியூஃபீல்ட் என்ற இலவசச் செயலியைத் தொலைபேசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தத் துல்லியத்தை நம் அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான ஐந்து ஏக்கர் வயலில் நான்கு பக்கமும் மூன்று மீற்றர் வெளியே விலகினால் பரப்பளவு எட்டு ஒன்பது வீதம் கூடிக் காட்டும். வயல் எங்கே இருக்கிறது என்று நிறுவ இது போதும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்பு வளவு என்றால், அதே மூன்று மீற்றர் விலகல் ஒரு பரப்புக்கு மேல் பிழை தரும். வேலிச் சண்டைக்கு இந்தக் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். அது அனுமதி பெற்ற நில அளவையாளரின் வேலை.

கருவியின் விலையைவிட அதிலுள்ள ஓர் அமைப்பு முக்கியம். லண்டனிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கிறீன்விச் வான்காணகத்தில் பூச்சிய நெட்டாங்குக்காகப் பதித்த உலோகக் கோட்டில் நின்று தொலைபேசியைப் பார்த்தால் பூச்சியம் காட்டாது. ஜிபிஎஸ் கணக்கின் பூச்சியம் அங்கிருந்து கிழக்கே சுமார் 102 மீற்றரில் இருக்கிறது. தொலைபேசி பழுதில்லை, கோடும் பொய்யில்லை. இரண்டும் வேறு வேறு அடிப்படையில் கணக்கிடப்பட்டவை.

இலங்கையிலும் இப்படித்தான். பழைய வரைபடங்கள் கந்தவல என்ற அடிப்படையில் வரையப்பட்டவை. நில அளவைத் திணைக்களத்தின் இன்றைய முறை 1999ஆம் ஆண்டின் தேசிய ஆள்கூற்று முறை. ஜிபிஎஸ் கருவி தருவது டபிள்யூஜிஎஸ் 84. இவற்றைக் கலந்துவிட்டால் வயல் நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்து, காட்டுக்குள்ளோ குளத்துக்குள்ளோ விழும். ஆகவே கருவியை டபிள்யூஜிஎஸ் 84இலேயே வைத்து, அகலாங்கு நெட்டாங்குகளைத் தசமத்தில் எழுதி, எந்த முறை என்பதையும் அருகிலேயே குறித்து வையுங்கள். உள்ளூர் முறைக்கு மாற்றுவதை நில அளவையாளர் பார்த்துக்கொள்வார்.

பதியும் முறையும் உண்டு. ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடங்கள் அசையாமல் நில்லுங்கள். முடிந்தால் ஒன்றரை மணி நேர இடைவெளியில் நான்கு தடவையாவது அதே மூலைக்கு வந்து, சராசரி எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வரம்பு, கிணறு, பழைய வீட்டின் அத்திவாரம், தூர்ந்த வாய்க்கால், வயதான தென்னை ஆகியவற்றை எல்லாம் இடக்குறியுடன் படம் எடுங்கள். இருபது ஆண்டுக்கு முன் மனிதர் அங்கே வாழ்ந்ததைச் சொல்லும் சாட்சிகள் அவை. காணியைத் தெரிந்த முதியவர் ஒருவர் உடன் வந்தால் அவர் சொல்வதையும் திகதியோடு பதியுங்கள். யானை வரும் வழியையும் மூத்த மரங்கள் நிற்கும் இடத்தையும் அதே நேர்மையோடு குறியுங்கள். காட்டைக் காடென்று காட்டும் வரைபடம், வயலை வயலென்று சொல்லும்போதும் நம்பப்படும்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, செய்மதி வழியே செய்தி அனுப்பும் வசதியுள்ள கருவியைச் சென்னை வழியாகப் பயணம் செய்வோர் கொண்டுபோக வேண்டாம். அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டவர் கைதாகியும் இருக்கிறார்கள். ஜிபிஎஸ்மேப் 67 வாங்குவோர் பெயரின் இறுதியில் ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவ்வகைக் கருவி. இரண்டு, காணியின் ஆள்கூறுகளையும் காட்டுவிலங்கு நடமாடும் இடங்களையும் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். காணி பிடிப்பவரும் வேட்டைக்காரரும் அவற்றைப் படிப்பார்கள். மூன்று, காட்டோரத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் எல்லை தேடி உள்ளே கால் வைக்க வேண்டாம்.

கருவி காட்டும் புள்ளி உரிமையைத் தராது. இங்கிலாந்தின் காணிப் பதிவகம் தரும் வரைபடத்தில்கூடச் சிவப்புக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டுகிறது, துல்லியமான எல்லையை அல்ல. உரிமையைச் சொல்வது உறுதி, அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையப் பதிவு, நில அளவையாளரின் படம் ஆகியவைதான். ஜிபிஎஸ் செய்வது, அந்தத் தாள்களை இந்தத் தரையோடு கட்டிவைப்பது. இரண்டும் ஒன்றாக இருக்கும்போது, அடுத்த வர்த்தமானி தரும் மூன்று மாதத்தில் முதல் இரண்டு மாதத்தைக் காணி எங்கே என்று தேடுவதில் கழிக்க வேண்டியிருக்காது.

இதைச் செய்ய ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. இங்குள்ள ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஊருக்கு ஒன்று வாங்கி, படித்த இளைஞர் இருவரைப் பழக்கிவிட்டால், நூறு குடும்பங்களின் வயல் பதிவாகிவிடும். அவசரம் கருவிக்கு அல்ல, எல்லையைக் காட்டக்கூடிய முதியவர்களுக்கு. எந்த வரம்பு யாருடையது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.