வெளுக்கப்படும் முகங்கள்

இறந்தவரைக்கூட அவருடைய நிறத்தில் வழியனுப்ப எமது பத்திரிகைகளுக்கு மனம் வருவதில்லை.

பெரியம்மா காலமானபோது மரண அறிவித்தலுக்குரிய படத்தை நானே தெரிந்து கொடுத்தேன். தோட்டத்து வெயிலில் கறுத்த முகம், நெற்றி நிறையத் திருநீறு. மறுநாள் பத்திரிகையில் வந்ததோ சுண்ணாம்பு பூசிய முகம். திருநீறு நெற்றியோடு கலந்து காணாமற் போயிருந்தது. செத்தவீட்டில் என் சின்னம்மா பத்திரிகையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆற்றை படம்?" என்று கேட்டார்.

தொலைபேசியில் விசாரித்தேன். பக்கம் வடிவமைத்த இளைஞர் பணிவாகவே பதிலளித்தார்: "இருட்டுப் படம் ஐயா, பேப்பரிலை அப்பிப்போடும். கொஞ்சம் வெளிச்சமாக்கினனான்."

இதிற் பாதி உண்மை. பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சும். அச்சில் விழும் ஒவ்வொரு புள்ளியும் சற்றுப் பருக்கும். திரையில் நடுச்சாம்பலாகத் தெரிவது தாளிற் கருஞ்சாம்பலாகிவிடும். ஆகவே போட்டோஷொப்பின் 'லெவல்ஸ்' பெட்டியைத் திறந்து, 0 முதல் 255 வரையான அந்த வரைபடத்தின் கீழுள்ள நடு முக்கோணத்தைச் சிறிது இடப்புறம் தள்ளத்தான் வேண்டும். அச்சுக்கூட வாசலை மிதித்த எவரும் இதனை மறுக்கமாட்டார்.

ஆனால், தாளுக்காகச் செய்யும் திருத்தம் படம் முழுவதற்கும் பொதுவானதாக இருக்கவேண்டும். பெரியம்மாவின் சேலைக் கரை இருண்டபடியே கிடந்தது. பின்னாலிருந்த கதவும் அப்படியே. முகத்தை மட்டும் தனியே தெரிவுசெய்து வெளுத்திருக்கிறார்கள். தாள் முகத்தில் மட்டுமா மையை உறிஞ்சுகிறது? அதே தாளில், அதே மையில் வரும் வெள்ளைக்காரத் தூதுவரின் முகத்தை யாரும் இப்படித் தேடிப்பிடித்து வெளுப்பதில்லையே!

நிறத்தைத் தொடுவது சிறு விடயமென்போருக்கு இரண்டு சம்பவங்கள். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தை 1994 ஜூன் 27 ஆம் திகதிய 'ரைம்' சஞ்சிகை இருளாக்கி அட்டையில் இட்டது. அதே படத்தை மாற்றாமல் அதே வாரம் 'நியூஸ்வீக்' வெளியிட்டதால் குட்டு வெளிப்பட்டது. வழக்கு விசாரணைக்கு முன்னரே கறுப்பரைக் குற்றவாளியாகக் காட்டியதென்று 'ரைம்' கண்டிக்கப்பட்டது. 2006 இல் அமெரிக்காவின் 'சார்லட் ஒப்சேர்வர்', தீயணைப்பு வீரர் ஒருவரின் பின்னாலிருந்த வானத்தின் நிறத்தை மாற்றிய தனது படப்பிடிப்பாளரை வேலையை விட்டே நீக்கியது. அங்கே வானத்துக்கு இருந்த மரியாதை இங்கே எங்கள் தாய்மாரின் முகத்துக்கு இல்லை.

அந்த இளைஞரை மட்டும் நோவதில் நியாயமில்லை. எத்தனையோ ஆண்டுகள் இரவுப் பக்கங்களுக்குக் கையொப்பமிட்டவன் நான். தலைப்பில் ஒரு 'ர', 'ற' மாறினாலே துள்ளுவேன். படத்தில் முகம் மாறியதா என்று ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. செய்தியில் ஒரு சொல்லை மாற்ற ஆசிரியரின் அனுமதி வேண்டும். ஒருவரின் தோலை மாற்ற எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை நடத்தியவர்கள் நாங்கள்தான். கறுப்பு அழகில்லை என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளை கணினியிலா கற்றார்? மணமகள் தேவை விளம்பரங்களில் "சிவந்த நிறம்" என்று வாரந்தோறும் அச்சிட்டுக் கொடுத்தது யார்?

அந்தியேட்டிக்குப் பின் நன்றி நவிலல் அறிவித்தலுக்கு அதே படத்தை மீண்டும் கொடுத்தேன். படம் முழுவதையும் அளவாக உயர்த்துங்கள், முகத்தைத் தனியே தொடவேண்டாம் என்று பின்புறத்தில் எழுதியிருந்தேன். சற்று இருண்டுதான் வந்தது. திருநீறு தெரிந்தது. சின்னம்மா அதனை வெட்டி எடுத்துச் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.